பட்டறைக்காரருக்கும் சட்டம் உண்டு

"வேலையை முடித்துவிட்டுக் கூலி கேட்டால், இதையெல்லாம் நான் செய்யச் சொன்னேனா என்கிறார்." "வண்டியை விட்டுப்போனவர் ஆறு மாதமாகப் போனை எடுக்கவில்லை." "டிராவல்ஸ்காரர் அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார்." சொந்தமாக மெக்கானிக் பட்டறை நடத்துகிறவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும்.

இவர்களில் பலர் என்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தங்கள் உரிமை எதுவரை, பொறுப்பு எதுவரை என்று கேட்டால் தயங்குகிறார்கள். தொழிலைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிக்கும் அது தெரிந்திருக்காது. இந்த அறியாமைக்குப் பட்டறைக்காரர் கொடுக்கும் விலை மிகப் பெரியது. அதில் பெரும்பகுதியை ஒரு தாளும் பேனாவும் மிச்சப்படுத்தும்.

வண்டி உள்ளே வரும்போது

சாவியை வாங்கிய நிமிடத்திலிருந்து அந்த வண்டி உங்கள் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவுக்கு நீங்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. அப்படிப் பார்த்துக்கொண்டும் வண்டி களவு போனாலோ சேதமானாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நீங்கள் பொறுப்பல்ல என்கிறது பிரிவு 152. பூட்டிய கேட், இரவுக் காவல், கண்காணிப்புக் கேமரா எல்லாம் அந்தக் கவனத்துக்குச் சாட்சி சொல்லும். பட்டறையில் இடமில்லை என்று வாடிக்கையாளரின் வண்டியை நீங்கள் இரவில் ரோட்டோரம் விட்டுவைத்தால், உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல எதுவும் இருக்காது.

ஆகவே முதல் வேலை ஜாப் கார்டு எழுதுவது. வண்டி எண், உரிமையாளர் பெயர், போன் எண், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல் நசுங்கல், வண்டிக்குள் இருக்கும் பொருட்கள், வாடிக்கையாளர் சொன்ன குறைகள், உத்தேசச் செலவு, எப்போது தருவீர்கள் என்ற தேதி ஆகியவற்றை எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பிரித்துப் பார்த்தபின் கூடுதல் வேலை தெரிந்தால், அதைத் தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் படமும் தொகையும் அனுப்பி, "சரி, செய்யுங்க" என்ற பதில் வந்தபிறகு கை வையுங்கள். மாற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். "நான் சொல்லவே இல்லையே" என்ற தகராறுக்கு அதன்பிறகு இடமிருக்காது.

கூலி தராதவரின் வண்டியைப் பிடித்து வைக்கலாமா?

வைக்கலாம். உழைப்பையோ திறமையையோ செலுத்திச் சரிசெய்த பொருளை, அதற்கான கூலி கைக்கு வரும்வரை தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் பிரிவு 170 தருகிறது. இதைப் பற்றுரிமை என்பார்கள். ஆனால் அதற்குச் சில எல்லைகள் உண்டு.

ஒன்று, எந்த வண்டிக்கு வேலை செய்தீர்களோ அந்த வேலையின் கூலிக்காக மட்டுமே அதைப் பிடித்து வைக்கலாம். அண்ணனின் லாரிக்கு வரவேண்டிய பழைய பாக்கிக்காகத் தம்பியின் காரைப் பிடிக்க முடியாது. அதே ஆளின் போன வருடப் பாக்கிக்காக இந்த வருடம் வந்த வண்டியைப் பிடிப்பதும் செல்லாது. அப்படிப்பட்ட பொதுவான உரிமை வங்கி போன்ற சிலருக்குத்தான் உண்டு.

இரண்டு, "அடுத்த மாதம் கொடுங்க, பரவாயில்லை" என்று நீங்கள் கடன் ஒப்புக்கொண்டிருந்தால் இந்த உரிமை போய்விடுகிறது. வண்டியைக் கையைவிட்டு அனுப்பிவிட்டாலும் போய்விடும்.

மூன்று, பிடித்து வைக்கும் உரிமைதான் உண்டு. விற்கும் உரிமை இல்லை. பாகங்களைக் கழற்றி விற்பதும், அந்த வண்டியை ஓட்டித் திரிவதும் உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும்.

எடுக்க வராத வண்டிகள்

ஊருக்கு ஊர் பட்டறை ஓரங்களில் செடி படர்ந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். வாடகை கொடுக்கும் இடத்தை அவை விழுங்குகின்றன. இதற்கும் வழி உண்டு. வேலை முடிந்ததை முதலில் செய்தியாக அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், பாக்கித் தொகையையும் வண்டியை எடுக்க வேண்டிய கெடுவையும் குறித்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். பாக்கியை வசூலிக்கவும் வண்டியை விற்க உத்தரவு கேட்கவும் அங்கே முடியும். கூலிக்கான வழக்கை வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். நாள் தள்ளினால் நியாயம் இருந்தும் பணம் கிடைக்காது.

நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை கேட்க விரும்பினால், எத்தனை நாளுக்கு மேல் எவ்வளவு என்பதை ஜாப் கார்டிலேயே அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் வாய்வார்த்தையாகக் கேட்டால் நிற்காது.

டிராவல்ஸ், கம்பெனி பாக்கிகள்

பட்டறையை மூட வைப்பது பெரும்பாலும் மாதாந்தரக் கணக்கில் வேலை வாங்கும் நிறுவனங்களின் பாக்கிதான். இங்கே குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006 உங்களுக்குத் துணை நிற்கும். வாகனப் பழுதுபார்ப்பு சேவைத் தொழில் என்பதால் நீங்கள் அதற்கான 'உத்யம்' பதிவு பெறலாம். இணையத்தில் ஆதார், பான் எண் கொடுத்துச் செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகையை, எழுத்தில் என்ன கெடு போட்டிருந்தாலும், 45 நாளுக்குமேல் நிறுத்தி வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால் வசதியாக்கக் குழுமம் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும். பாக்கி விழுந்தபிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வது பலன் தராமல் போகலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதியிட்ட பில்லும், வண்டியைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் இருந்தால்தான் புகார் நிற்கும்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவர்களும் பில் கொடுக்க வேண்டும். அதில் வரி என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிரையல் பார்க்கப் போகும் வண்டி

டிரையல் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. அதே வண்டியில் டீ வாங்கப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அப்படியல்ல. ஒப்படைத்த நோக்கத்தை மீறிப் பயன்படுத்தும்போது வண்டிக்கு என்ன சேதம் வந்தாலும் நீங்களே ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 154. எவ்வளவு கவனமாக ஓட்டினீர்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, லைசென்ஸ் இல்லாத பையன்களிடம் சாவி கொடுப்பது. உரிமையாளர் மட்டுமல்ல, வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 3 மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்ற பிரிவுக்குள் வருகிறார்கள். உங்களை நம்பி வண்டி விட்ட வாடிக்கையாளரைக் கோர்ட் வாசலில் நிறுத்தும் வேலை இது.

வாடிக்கையாளரின் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பிவிடக் கூடாது. பழுதுபார்க்க விட்ட கார் மோதி ஒருவர் காயப்பட்ட குரு கோவேகர் வழக்கில், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர அந்தக் காரின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு. வண்டிக்கு ஆன சேதமும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் வரும் சிக்கலும் உங்கள் தலையில் விழலாம். பட்டறைகளுக்கென்றே 'மோட்டார் டிரேட்' பாலிசிகள் உள்ளன. டிரையலின்போதும் பட்டறைக்குள்ளும் வாடிக்கையாளர் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு எது பொருந்தும் என்று இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டு எடுங்கள்.

"வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும்"

இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பட்டறைகளின் பிழைப்பில் மண் போட்டிருக்கிறது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் தடுப்பது போட்டிக்கு எதிரானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளிப் பட்டறையின் தவறான வேலையால் வந்த சேதம் எதுவோ, அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்பது ஆணையத்தின் நிலை. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போக, வழக்கு நீண்டது. என்றாலும் வாடிக்கையாளரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய நியாயம் இது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் மோட்டார் வாகனங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபிறகு பெரும்பாலான பைக்குகளில்கூட கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஸ்கேனர் இல்லாமல் பட்டறை நடத்துவது கடினம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் கருவி பழுதானதாக இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களையும் நுகர்வோராகவே ஏற்கிறது. விற்றவர் மாற்றித் தர மறுத்தால் நீங்களும் புகார் செய்யலாம்.

டூப்ளிகேட் பாகம், திருட்டு வண்டி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பில் கேளுங்கள். பிரேக் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் விலை குறைவு என்று போலியை மாட்டினால், விபத்து நடக்கும் நாளில் கேள்வி உங்களிடம்தான் வரும். வாடிக்கையாளர் தானே பாகம் வாங்கிவந்தால் அதை ஜாப் கார்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிமுகமில்லாதவர் கொண்டுவரும் வண்டியில் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணைத் தேய்த்துக் கொடுக்கவோ பிரித்து விற்கவோ கேட்டால் மறுத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317-இல் குற்றம். "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

உடம்பும் குடும்பமும்

கையிலுள்ள கிரீஸைப் பெட்ரோலில் கழுவுவது, பிரேக் தூசியைக் காற்று அடித்து ஊதித் தள்ளுவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது எல்லாம் பட்டறைப் பழக்கங்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். பயன்படுத்திய என்ஜின் ஆயில் நாள்பட்டுத் தோலில் படிந்தால் புற்றுநோய் ஆபத்து உண்டு. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள், கையுறை போடுங்கள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் போங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுங்கள்.

14 வயது நிரம்பாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தொழில் கற்கட்டும் என்ற நல்லெண்ணம் சட்டத்தின் முன் நிற்காது. முதலில் பள்ளி, பிறகு ஐ.டி.ஐ., அதன்பிறகு பட்டறை என்ற வரிசையே அந்தப் பிள்ளைக்கும் நல்லது.

ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு தனி நல வாரியமே வைத்திருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் தொழிலாளர் துறை வழியாகப் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். நீங்களும் பதிந்து, உங்களிடம் வேலை செய்பவர்களையும் பதியச் செய்யுங்கள். பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால்

வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அது அவர் உரிமை. நோட்டீஸை மேஜைக்குள் போட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்டுக்கொண்டால் ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்குமேல் உங்கள் தரப்புக்கு வழியில்லை. ஜாப் கார்டு, போட்டோ, வாட்ஸ்அப் ஒப்புதல், பாகங்களின் பில் ஆகியவையே உங்கள் பதில்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். தொலைபேசி எண் 15100. வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் அங்கே விண்ணப்பிக்கலாம். நுகர்வோர் என்ற முறையில் உங்களுக்குப் புகார் இருந்தால் 1915-ஐ அழையுங்கள்.

இதில் எதற்கும் பெரிய படிப்போ முதலோ தேவையில்லை. அச்சகத்தில் ஒரு ஜாப் கார்டு புத்தகம் அடிக்கக் கொடுங்கள், உத்யம் பதிவை முடியுங்கள், நல வாரியத்தில் பெயரைப் பதியுங்கள், லைசென்ஸ் இல்லாத கையில் சாவி போகாமல் பாருங்கள். உழைத்த கூலியை உரிமையோடு கேட்க இந்த நான்கும் போதும். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள். அவரை ஏமாற்றியவர் நாளை உங்கள் வாசலுக்கும் வண்டியோடு வருவார்.