பின்னாலும் போகும் சைக்கிள்

சுட்டிகளே, சர்க்கஸில் சைக்கிள் ஓட்டுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போவார், நிற்பார், அப்படியே பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பின்னாலும் போவார்! நம் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம்தான் வருகிறது. ஏன் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், சபாஷ்! அது நல்ல கேள்வி.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் நடுவில், வலப்பக்கம், செயின் சுற்றிப்போகும் சின்னப் பல்சக்கரம் தெரிகிறதா? அதுதான் ஃப்ரீவீல். பார்க்க ஒரே துண்டாக இருக்கும். உள்ளே இரண்டு வளையங்கள் உண்டு. வெளிவளையத்தின் உட்புறத்திலும் பற்கள் இருக்கும். அவை ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். உள்வளையத்தில் சின்ன இரும்பு நாக்குகள். மெல்லிய ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

முன்னால் மிதித்தால், பல்லின் செங்குத்துப் பக்கம் நாக்கைப் பிடித்துத் தள்ளும். சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் வெளிவளையம் நின்றுவிடும்; உள்வளையம் சக்கரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நாக்கு சரிவில் வழுக்கி, அடுத்த பள்ளத்தில் விழும். அந்தச் சத்தம்தான் 'டிக்'! புரிகிறதா? இல்லையென்றால் பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றி, ஒவ்வொரு 'டிக்'காகக் கேட்டுப் பாருங்கள். புரிந்துவிடும்.

ஃப்ரீவீல் இல்லாத வண்டியையும் நீங்கள் ஓட்டியிருப்பீர்கள். பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும் மூன்று சக்கர வண்டி! யாராவது பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் பெடல்கள் கிறுகிறுவென்று சுழலும், காலைத் தூக்கிக்கொள்வோம், இல்லையா? சக்கரமும் பெடலும் பிரியாமல் சேர்ந்தே சுற்றும் இந்த அமைப்புக்கு 'ஃபிக்ஸட் கியர்' என்று பெயர். சர்க்கஸ்காரர் பின்னால் போவதும் இப்படிப்பட்ட சைக்கிளில்தான். டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தடம் இருக்கிறது. அங்கே பந்தயம் ஓட்டும் வீரர்களின் சைக்கிள்களும் இப்படித்தான். அவற்றில் பிரேக்கே கிடையாது. வேகத்தைக் குறைக்க, சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்துவார்கள்.

சரி, சாதாரண சைக்கிளை அப்படி மாற்ற முடியுமா? ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அது திருகி மாட்டியிருந்த அதே மரையில் ஒரே துண்டான பல்சக்கரத்தை முறுக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும்.

ஊறுகாய் பாட்டில் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திருகினால் இறுகும், மறுபக்கம் திருகினால் கழன்றுவிடும். பல்சக்கரமும் அப்படித்தான் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், மாட்டப்பட்டிருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும். ஆனால் வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்த்து அழுத்தினால்? மரை கழலத் தொடங்கும்! நிற்க வேண்டிய நேரத்தில் பல்சக்கரம் வெறுமனே சுழலும், சைக்கிள் நிற்காது. எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

ஃபிக்ஸட் கியருக்கென்றே செய்த ஹப்பில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பல்சக்கரத்துக்கான மரையை அடுத்து, கொஞ்சம் சின்னதாக இன்னொரு மரை. அது தலைகீழ் மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். அதில் ஒரு பூட்டு வளையத்தை மாட்டுவார்கள். பல்சக்கரம் கழலப் பார்த்தால் இந்த வளையத்தையும் தன்னோடு அதே திசையில் இழுக்கும். அந்தத் திசையில் வளையம் இறுகத்தான் செய்யும்! கழற்றப் பார்க்கும் விசையே பூட்டாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று. ஆகவே மாற்ற விரும்புகிறவர்கள் ஹப்பையே மாற்றுவதுதான் சரி.

ஒரு கணக்கும் போட்டுவிடுவோமா? முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் உள்ளதில் 16 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்ற, சக்கரம் 3 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆக ஒரு பெடல் சுற்றுக்கு 6 மீட்டர். இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 500 மீட்டர். பெடல் நிமிடத்துக்கு 80 முறைக்கு மேல் சுழலும், உங்கள் காலும் கூடவே! அதனால் சாலையில் ஃபிக்ஸட் கியர் ஓட்டும் பெரியவர்களும் முன்பிரேக்கைக் கழற்றவே கூடாது. நீங்கள் ஃப்ரீவீலில் கையே வைக்க வேண்டாம், செல்லங்களே.

தலைகீழ் மரையைக் கண்ணால் பார்க்க ஆசையா? உங்கள் சைக்கிளிலேயே ஒன்று இருக்கிறது: இடப்பக்கப் பெடல். அடுத்த முறை கடையில் பெடல் மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். வலப்பெடலைக் கழற்றக் கடைக்காரர் ஸ்பேனரை எந்தத் திசையில் திருப்புகிறார், இடப்பெடலுக்கு எந்தத் திசை என்று நோட்டில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு எனக்கு அனுப்புங்கள்.