இடுப்பில் துப்பாக்கி, பையில் பாலிசி

1813-இல் அமெரிக்காவின் கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைக் குற்றமாக்கின. ஊரறிய ஆயுதம் தரித்தவன் நேர்மையானவன், சட்டைக்குள் ஒளித்து வருபவன் மனதில் ஏதோ சதி இருக்கிறது என்பதே அன்றைய எண்ணம். அப்படி மறைத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டங்கள் ஆயுத உரிமையை மீறவில்லை என்று 1897-இல் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. 1911-இல் நியூயார்க் கொண்டுவந்த சல்லிவன் சட்டம், மறைத்து வைக்கக்கூடிய சிறு துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. வெர்மான்ட் மட்டும் உரிமம் எதுவும் கேட்காமல் தனித்து நின்றது.

அன்று தற்காப்புக்காகச் சுட்டவர், பிறகு நடப்பதைத் தனியாகவே சுமந்தார். ஜாமீன் தொகை, வழக்கறிஞர் கட்டணம், நிபுணர் சாட்சிக்கான செலவு எல்லாம் அவர் தலையில்தான். ‘நிரபராதி’ என்று தீர்ப்பு வந்தாலும் கரைந்த சேமிப்பு திரும்பி வராது. குற்றவியல் வழக்கில் தப்பினாலும், இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். வீட்டுக் காப்பீடும் கைகொடுக்கவில்லை. எதிர்பாராத விபத்துக்குத்தான் காப்பீடு. தெரிந்தே செய்த செயலுக்குக் கிடையாது என்பது அத்தொழிலின் அடிப்படை விதி. தற்காப்புக்காகச் சுட்டாலும் அது தெரிந்தே சுட்டதுதானே! நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியவருக்குப் பல பாலிசிகள் பின்னாளில் இந்த விதியைத் தளர்த்தின. அதுவும் சிவில் இழப்பீட்டுக்கு மட்டுமே, குற்ற வழக்கின் செலவுக்கு அல்ல.

ஆயுதம் மறைத்துச் செல்லும் சட்டத்தில் இன்று நிலைமை தலைகீழ். 1987-இல் ஃப்ளோரிடா, தகுதியுள்ள எவர் கேட்டாலும் உரிமம் தந்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பொது இடத்தில் மறைத்துச் செல்லும் உரிமையை முற்றிலும் மறுத்து வந்த கடைசி மாநிலமான இல்லினாய் 2013-இல் வழிவிட்டது. உரிமம் பெற ‘தனிப்பட்ட தக்க காரணம்’ காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் விதியை 2022-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. 2024-க்குள் 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது.

சட்டம் கதவைத் திறந்ததும் காப்பீட்டுச் சந்தை உள்ளே நுழைந்தது. 2003-இல் விஸ்கான்சினில் யு.எஸ்.சி.சி.ஏ. என்ற சங்கம் தொடங்கியது. சங்கம் எடுத்த பாலிசியின் பாதுகாப்பு உறுப்பினருக்குக் கிடைக்கும். 2008-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றிய ஆயுதம் தாங்கிய குடிமக்களின் சட்டப் பாதுகாப்பு அமைப்பு, உறுப்பினர் சந்தாவிலிருந்து ஒரு பொது நிதியைத் திரட்டி வழக்குச் செலவுக்குத் தருகிறது. டெக்சாஸில் பிறந்த யு.எஸ். லா ஷீல்டு, முன்பணம் கட்டிய சட்டச் சேவையாக இயங்குகிறது. சந்தா கட்டினால், சுட்ட நொடியில் அழைக்க ஒரு தொலைபேசி எண், ஜாமீனுக்கு உதவி, வாதாட வழக்கறிஞர். ஆனால் பாலிசியின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். குடித்திருந்தால் இல்லை, குடும்பத்தினரைச் சுட்டால் இல்லை, குற்றம் நிரூபணமானால் இல்லை என்று விலக்குகள் ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு விதம்.

துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம் 2017-இல் ‘கேரி கார்டு’ என்ற காப்பீட்டுத் திட்டத்தோடு இறங்கியபோது சண்டை முற்றியது. எதிர்த்தவர்கள் அதைக் ‘கொலைக் காப்பீடு’ என்றார்கள். நியூயார்க்கின் நிதித்துறை 2018-இல் தரகு நிறுவனமான லாக்டனுக்கு 70 லட்சம் டாலரும், காப்பீட்டு நிறுவனமான சப்புக்கு 13 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. 2020-இல் சங்கமே 25 லட்சம் டாலர் கட்டி, அம்மாநிலக் காப்பீட்டுத் தொழிலிலிருந்து 5 ஆண்டு விலகி நிற்கச் சம்மதித்தது. தன்னோடு உறவை முறிக்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை அரசு அதிகாரி மிரட்டினார் என்ற சங்கத்தின் வழக்கு தொடரலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அது பேச்சுரிமை பற்றிய தீர்ப்பு. அந்தக் காப்பீடு சரிதான் என்று அது சொல்லவில்லை.

இவ்வளவு மாற்றத்திலும் குண்டடி பட்டவரின் கணக்கு மட்டும் நேராகவில்லை. ஃப்ளோரிடாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுட்டது நியாயமான தற்காப்பு என்றால் சுடப்பட்டவரோ அவர் வாரிசோ சிவில் வழக்கில் இழப்பீடு பெற முடியாது. தற்காப்பல்ல, குற்றம் என்றாலோ பாலிசியின் விலக்கு குறுக்கே வந்து நிற்கும். சாலையோரம் நின்றதற்காகக் குறி தவறிய குண்டை வாங்கியவர் வழக்குப் போடலாம். ஆனால் சுட்டவரிடம் காசும் இல்லை, காப்பீடும் இல்லை என்றால் தீர்ப்பு வெறும் தாளாகவே கிடக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம், துப்பாக்கி வைத்திருப்போர் விபத்துப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 2022-இல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நியூஜெர்சி, பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடுவோர் 3 லட்சம் டாலருக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த விதி நடைமுறைக்கு வருமுன்பே, 2023 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

உண்மையாகவே உயிருக்குப் பயந்து சுட்டவர் நல்ல வழக்கறிஞர் இல்லாமல் சிறைக்குப் போகக் கூடாது. தற்காப்பு என்று விடுதலையானவரின் வழக்குச் செலவை வாஷிங்டன் மாநிலத்தில் அரசே திருப்பித் தருகிறது. அது நியாயமான வழி. மற்ற மாநிலங்களும் ஏற்கலாம். ஆனால் நம் ஊரில் வண்டி ஓட்டுபவர் மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது, அடிபடுகிறவருக்காக. துப்பாக்கியோடு தெருவில் நடக்க உரிமை தரும் அரசு, அதே தெருவில் நடக்கும் மற்றவருக்கும் அந்தக் காப்பைத் தர வேண்டும். சுடுபவரை மட்டும் காக்கும் காப்பீடு பாதிக் காப்பீடுதான்.