கல்லைக் காணும் கண்

கரியதாயும் வலியதாயும் இருப்பதையெல்லாம் 'கருங்கல்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். கற்றச்சர்க்கும் கொத்தனார்க்கும் அச்சொல் போதும். மாணவர்க்குப் போதாது என்பேன். பெயர்களை மனனஞ் செய்யுமுன் அவர்கள் கல்லின் முகத்தைப் பார்க்கப் பழகவேண்டும்.

வகுப்பில் நான் முதலிற் கேட்பது, "மணிகள் எவ்வாறு அமைந்துள்ளன?" என்பதே. புதிதாய் உடைத்த முகத்தில் வெளிறிய மணிகளும் கரிய மணிகளும் ஒழுங்கின்றிக் கலந்து, ஒன்றையொன்று பற்றிக் கிடந்தால், அது உருகிய குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறி இறுகிய கிரனைற்று, தீப்பாறை இனத்தது. அம்மணிகளே பட்டை பட்டையாய் வரிசைப்பட்டிருந்தால், வெப்பமும் அமுக்கமும் உருமாற்றிய நைஸ். பட்டை தெளிவின்றி, எண்ணெய் பூசினாற்போற் கரும்பச்சை மினுமினுப்புக் காட்டுவது சார்ணொக்கைற்று.

இலங்கையின் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பழம்பெரும் பாறைகளாலானது. எஞ்சிய பகுதியிற் பெரிதும் வடக்கிலும் வடமேற்கிலும் பரந்துள்ள சுண்ணக்கல். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் வெட்டியெடுக்கும் அக்கல்லிற் பட்டைகள் இல்லை; வெளிறிய உடலிற் சிப்பியின் அச்சும் முருகையின் துளையுமே தெரியும். கத்தி அதனைக் கீறும். கீறிய தூளில் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். மயோசீன் காலக் கடலடியிற் படிந்த அடையற்பாறை அது. ஆயின் நுரைப்பதெல்லாம் சுண்ணக்கல் என்று முடித்தலும் ஆகாது. பளிங்கும் நுரைக்கும், அதிற் சிப்பிக்குப் பதிலாகச் சீனிக் கட்டிபோல் மணிகள் மின்னும்.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. நைஸ் பாறையில் நீர் பெரும்பாலும் வெடிப்புகளிலேயே தங்கும். சுண்ணக்கல்லையோ மழைநீர் கரைத்துத் துளையும் குகையுமாக்கும். நிலாவரைக் கேணியும் கீரிமலை ஊற்றும் அக்கரைசலின் பயன்களே. நன்னீர் தரும் அதே துளைகள் மலக்குழியின் கழிவையும் தோட்டத்து இரசாயனப் பசளையையும் கிணற்றுக்கு விரைந்து கொண்டுசெல்கின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நிலத்துக்கு இதனினும் பெரிய இடர் வேறென்ன?

ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் ஒன்று: பாறையினங்களின் அட்டவணையை எழுதுவிக்குமுன், ஊர்க் கிணறு வெட்டிய கல் ஒன்றை மாணவர் கையிற் கொடுங்கள். அதன் துளைகளைக் கண்டவர்க்கு, கிணற்றருகே எதனைப் புதைக்கலாகாது என்று பின்னர் எவரும் சொல்லவேண்டியதில்லை.