நம்ம ஊர்ச் சரக்கில் நாய் பிஸ்கட்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "லேத் மெஷின் பற்றி எழுது, சூரிய சக்தி பற்றி எழுது" என்றார்கள். நான் நாய்க்கு பிஸ்கட் செய்வது பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். இதில் நம்ம சிலபஸ் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று போகப் போகப் பாருங்கள்.

முதலில், நாம் நாய்க்கு என்ன போடுகிறோம்? வீட்டில் மிஞ்சின குழம்புச் சோறு. ஹாஸ்டலில் மெஸ் இலையில் கிடக்கும் கோழி எலும்பு. டீக்கடை வாசலில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட். மூன்றுமே பாசத்தில் போடுவதுதான், சந்தேகமில்லை. ஆனால் மூன்றிலும் கோளாறு இருக்கிறது.

குழம்பில் இருப்பது வெங்காயம். ராசிபுரம் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிற பூமி நம்முடையது. அது இல்லாமல் இங்கே ஒரு சட்டி அடுப்பில் ஏறாது. நமக்கு நல்லது, நாய்க்கு விஷம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்குகின்றன. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்கிறது கால்நடை மருத்துவம். பத்து கிலோ நாய்க்கு 150 கிராம் என்றால், ஒரு வீட்டுக் குழம்புக்கு உரிக்கிற அளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் கெடுதல்தான். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

வேகவைத்த கோழி எலும்பு உடைந்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் மாட்டும், குடலைக் குத்தும். குளுக்கோஸ் பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும்தான். சாகாது, ஆனால் உடம்புக்கும் ஒன்றும் சேராது. கடையில் விற்கும் நாய் பிஸ்கட்டை வாங்கலாம் என்றால், பாக்கெட் விலையைப் பார்த்ததும் கை தானாகவே டீக்கடை பாட்டில் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? கோழி, முட்டை, தானியம், காய்கறி. இதில் எது நம்ம ஊரில் இல்லை? முட்டைக்கு நாமக்கல்தான் தலைநகரம். மாநிலத்தில் சத்துணவுத் தட்டுக்குப் போகும் முட்டையே இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. முட்டையிட்டு ஓய்ந்த கோழியைப் பண்ணைக்காரர்கள் கறிக்குத் தள்ளிவிடுவார்கள். கறி கொஞ்சம் நார் நாராக இருக்கும் என்று நாம் முகம் சுளிப்போம், நாய் சுளிக்காது. அரசாணிக்காய் எல்லா வாரச் சந்தையிலும் குவிந்து கிடக்கிறது. சேலத்தில் ஜவ்வரிசி. சேகோசர்வ் சங்கம் 1981ல் தொடங்கியது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரக்கு மொத்தமும் நம்ம கொல்லையில் இருக்கிறது, நாம் வெளியூர்ப் பாக்கெட்டுக்குக் காசு தேடுகிறோம்!

நாய் பிஸ்கட்டைக் கடைச்சரக்கு ஆக்கினவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். 1860 வாக்கில் இடிதாங்கி விற்க லண்டன் போனவர், துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கட்டைத் தெருநாய்கள் கடித்துத் தின்பதைப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். (எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி சேர்த்து அவர் போட்ட பிஸ்கட்டுக்கு நல்ல கிராக்கி. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர்தான் 1891ல் தன் பெயரிலேயே கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். நமக்குத் தேவையான விஷயம் வேறு. கப்பல் பிஸ்கட் ஏன் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது? தண்ணீர் இல்லாததால். பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் "இரண்டு தடவை வெந்தது" என்றுதான் அர்த்தம். ஒரு தடவை வேகவைக்க, இன்னொரு தடவை காயவைக்க.

ஆக, இது சமையல் வேலை பாதி, உலர்த்தும் வேலை பாதி. எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வடகம் காய்ந்ததா என்று ஒடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று சொல்லிவிடுவார். அதைத்தான் நாம் ஈரப்பத சதவீதம் என்று கணக்குப் போடுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 300 கிராம், வேகவைத்து மசித்த அரசாணிக்காய் 150 கிராம், ஓடு நீக்கிய முட்டை இரண்டு (100 கிராம்), கோதுமை மாவு 600 கிராம். மொத்தம் 1,150 கிராம். கறியில் சுமார் 65 சதவீதம் தண்ணீர், அதாவது 195 கிராம். அரசாணியில் 90 சதவீதம், 135 கிராம். முட்டையில் 75. காய்ந்தது என்று நாம் நினைக்கிற மாவிலேயே 12 சதவீதம், 72 கிராம். கூட்டினால் 477 கிராம் தண்ணீர். மிச்சம் 673 கிராம்தான் திடப்பொருள். பிஸ்கட் கெடாமல் இருக்க ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று வைத்துக்கொண்டால், 673ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 750 கிராம். ஆக, 400 கிராம் தண்ணீரை வெளியே துரத்துவதுதான் நம்ம வேலை. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தால் போதும், காய்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்த 400 கிராமை ஆவியாக்க 900 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 46,000 கிலோ ஜூல். தியரிப்படி 20 கிராம் கேஸ் போதும்! நடப்பில் அதைப் போலப் பல மடங்கு ஆகும், ஏனென்றால் நாம் சட்டியையும் மணலையும் சமையலறையையும் சேர்த்துச் சூடாக்குகிறோம். அதனால்தான் பாதி வேலையை வெயிலிடம் விடுவது புத்திசாலித்தனம். சேலம் வெயிலுக்குக் கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். கறியை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். எலும்பைப் பொறுமையாக விரலால் தடவிப் பார்த்து எடுங்கள், இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடாது. கறியை மிக்ஸியில் நார் இல்லாமல் அரைத்து, அரசாணியும் முட்டையும் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பூரி மாவை விடக் கெட்டியாக வர வேண்டும். அரசாணிக்குப் பதில் கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எது கிடைத்தாலும் சரி. ராகி, கம்பு மாவும் போடலாம். ஆனால் கோதுமையில் உள்ள பசை அவற்றில் கிடையாது, தேய்க்கும்போதே விண்டுபோகும். அதற்குத்தான் ஜவ்வரிசி. ஒரு கைப்பிடி ஊறவைத்துக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும், தண்ணீர்க் கணக்கு மட்டும் கொஞ்சம் ஏறும். கோழி ஈரல் கொஞ்சம் சேர்த்தால் வாசத்துக்கே நாய் சுற்றிச் சுற்றி வரும். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் அதை மட்டுமே வைத்துச் செய்ய வேண்டாம்.

சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துத் துண்டு போடுங்கள். முள்கரண்டியால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள், ஆவி வெளியேற வழி வேண்டும். கனம் முக்கியம். உள்ளே இருக்கும் ஈரம் மேலே வந்து சேரும் நேரம், கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனத்தை இரண்டு மடங்காக்கினால் நேரம் நாலு மடங்கு!

அவன் இருக்கிற வீடு நம்மில் எத்தனை பேருக்கு? பழைய கனமான வடச்சட்டி ஒன்று போதும். அடியில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த சுத்தமான மணல், பொரிகடலைக்காரர் வைத்திருப்பாரே அது மாதிரி. அதன் மேல் ஒரு ஸ்டாண்ட், அதன் மேல் துண்டுகளை அடுக்கிய தட்டு, மேலே மூடி. சட்டியைப் பத்து நிமிடம் காயவிட்டுத்தான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பிறகு சிறு தீயில் நாற்பது நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். மணல் வெப்பத்தைத் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கும், அடி பிடிக்காது. மூடியை நடுநடுவே லேசாகத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் வெளியே போன தண்ணீர் மூடியில் பட்டுத் திரும்பவும் பிஸ்கட் மேலேயே சொட்டும்.

சீக்கிரம் முடிக்கலாம் என்று தீயைக் கூட்டினால் என்ன ஆகும்? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: கேஸ் ஹார்டனிங். இரும்பில் மேல்தோலை மட்டும் இறுக்கி உள்ளே மெதுவாக விடுவது போல, பிஸ்கட்டும் மேலே கல்லாக இறுகிவிடும். உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். இரும்புக்கு அது நல்லது. உலர்த்தும் தொழிலிலும் இதே பெயர்தான், ஆனால் அங்கே அது குறை.

வெந்ததை ஆறவிட்டு, வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி, மேலே மெல்லிய துணி போர்த்தி மொட்டை மாடியில் காயவையுங்கள். வடகத்துக்குக் காக்கை காவல் இருப்பது போல இதற்கும் ஆள் வேண்டும். காக்கையோடு பூனையும் சேர்ந்துகொள்ளும். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கோடையில் இரண்டு வெயில் போதும். ஒடித்தால் "டக்" என்று சத்தம் வர வேண்டும். இரண்டாம் நாள் எடையும் மூன்றாம் நாள் எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்தது என்று அர்த்தம். வேகவைக்காத கறியை நேரே வெயிலில் காயவைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்கு வெயில் போதாது, அடுப்புதான் வேண்டும்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், பூஞ்சைக்குப் பயந்துதான். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை, அந்தப் பூஞ்சையின் விஷம்தான் அஃப்ளாடாக்சின். இந்தப் பெயர் நாமக்கல்லில் தீவன மில் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், மக்காச்சோளம் வந்து இறங்கினாலே இதற்குப் பரிசோதனை பண்ணுவார்கள். நாய் இந்த விஷத்தை அறவே தாங்காது, கல்லீரல் போய்விடும். 2005 கடைசியில் அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கலந்த நாய்த் தீவனத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. இந்த விஷம் அடுப்புச் சூட்டில் அழியாது. ஆகவே, டப்பாவில் ஒரு பிஸ்கட்டில் பச்சையாகப் பூத்திருந்தால், அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் கோடையில் இரண்டு மூன்று வாரம் வைக்கலாம். ஐப்பசி மழையில் கொஞ்சமாகச் செய்து அன்றாடம் தீர்ப்பதே நல்லது.

சில பேர் கோழித் தீவனத்தையே மாவுக்குப் பதிலாகப் பிசையலாமே, மலிவுதானே என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் சில மருந்துகள் நாய்க்கு ஆகாது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டிப்படுவதற்காகச் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மேல் இருக்கும். அப்படியே திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிடால், எல்லாமே விலக்கு. நம்ம சேலத்து மாம்பழக் கொட்டையும்தான். விஷம் இல்லாவிட்டாலும் குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

எத்தனை கொடுக்கலாம்? 15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். தீனியாகக் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்கிற அளவு. நம்ம பிஸ்கட்டில் கிராமுக்கு மூன்றரைக் கலோரிக்குக் குறையாது. ஆக இருபது கிராம் சொச்சம், அதாவது எட்டு கிராம் பிஸ்கட் இரண்டோ மூன்றோ. இது சோற்றுக்கு மாற்று இல்லை. கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவதற்கான சாமான்.

அந்தப் "பின்னாலேயே வருவது"தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹாஸ்டல் நாய்களுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட வேண்டுமென்றால் முதலில் அவை பிடிபட வேண்டுமே? 1885 ஜூலை 6ம் தேதிதான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியை முதல் தடவையாகப் போட்டார். அந்த நாளை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் பல ஊர்களில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. நாமக்கல்லில் 1985ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு போனால் எந்த நாயும் நிற்காது. ஒரு மாதம் முன்பிருந்தே அதே நேரம், அதே இடம், டப்பாவைக் குலுக்கி ஆளுக்கு இரண்டு பிஸ்கட் போட்டுப் பழக்க வேண்டும். கையில் வைத்து நீட்டாதீர்கள், தரையில் போடுங்கள். பழகின நாயாக இருந்தாலும், தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்ம ஹாஸ்டலில் நாலு நாய்கள். டப்பாச் சத்தத்துக்கு மூன்று ஓடி வருகின்றன. ஒர்க்ஷாப் ஷெட்டில் படுத்திருக்கும் கருப்பு மட்டும் இன்னும் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கிறது. அதற்கு ஈரல் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும்.