பேச ஒருவர் வேண்டும்

ஊரில் இருக்கும் உம்மம்மாவிடம் தொலைபேசியில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோம். "ஓம் மகள்" என்கிறார். அத்துடன் பேச்சு முடிகிறது. அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதானா என்று நாம் யோசிப்பதில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் ஆவர். அதன் பின்னர் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் வாழ்வது கிராமங்களிலேயே.

தனியாக வாழ்வது வேறு. தனிமைப்பட்டுப் போவது வேறு. தனி வீட்டில் இருந்தாலும் அயலவரோடு கலந்து பழகுபவர் தனிமைப்பட்டவரல்லர். பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் பேச்சுத் துணையற்றவர் தனிமைப்பட்டவரே.

கிராமத்தில் இந்நிலை மெல்ல மெல்ல உருவாகிறது. பிள்ளைகள் தொழில் தேடிக் கொழும்புக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் செல்கின்றனர். வாழ்க்கைத் துணையும் வயதொத்த நண்பர்களும் ஒவ்வொருவராக மறைகின்றனர். முழங்கால் வலியால் பஸ் தரிப்பிடம் வரை நடக்க முடிவதில்லை. காது மந்தமானவர், "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, கலியாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். "அவருக்கு ஆட்களைப் பிடிக்காது" என்று நாமும் தவறாக எண்ணிவிடுகிறோம்.

இது வெறும் மனக்கவலை அன்று. சமூகத் தனிமை இருதய நோய், பக்கவாதம், மறதி நோய், மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கவனிக்க ஆளில்லாதபோது மருந்து தவறுவதும் விழுந்த காயம் மறைக்கப்படுவதும் எளிதாகின்றன.

நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் அதன் கீழ் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆனால், சட்டம் பணத்தைப் பெற்றுத் தரலாம். பக்கத்தில் அமர்ந்து பேசும் ஒருவரைப் பெற்றுத் தராது.

அதை நாமே செய்ய வேண்டும். பெற்றோரே, முதியோரின் காதையும் கண்ணையும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஊர் முதியோர் சங்கத்திற்குச் செல்லத் துணை புரியுங்கள். தோழியரே, விடுமுறையில் அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டாம். அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: பாய் இழைக்கும் விதம், பழைய சமையல், உறவுமுறைகள் எதுவாயினும் சரி. தம்மிடம் கேட்டறிய ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால், அவர்கள் அந்த நாளை எதிர்பார்த்திருப்பார்கள்.

இன்று பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்றைக்கு யார் வந்தார்கள்?" என்றும் கேளுங்கள். "ஒருவரும் வரவில்லை" என்பது பதிலானால், அடுத்ததாகப் போக வேண்டியவர் நீங்கள்தான்.