வந்தியத்தேவனை எடுக்கலாம்... வசந்தை எடுக்கலாமா? ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கதாபாத்திரம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். 'அந்த சீன்ல அவ மட்டும் திரும்பிப் பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ரசிகரே எழுதிப் பார்க்கும் பதில்தான் ஃபேன் ஃபிக்‌ஷன். தமிழில் 'ரசிகர் புனைவு' எனலாம்.

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் பஸ் ஏறுகிறவர், ஸ்ரீரங்கம் போய் இறங்குவதற்குள் போனிலேயே ஒரு அத்தியாயத்தைத் தட்டிவிடலாம். அன்றிரவே வாட்பேட், பிரதிலிபி போன்ற தளங்களில் ஏற்றிவிடலாம். எழுதுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால்தான், எதை எழுதலாம், எதில் வம்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஸ்ரீரங்கத்திலேயே இருக்கும் பாடம்

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு அருகே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் இதுதான் என்பது மரபு. கம்பரை ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனால், எல்லோருக்கும் தெரிந்த கதையை எப்படி மாற்றுவது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

வால்மீகியின் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பரின் ராவணன் குடிலை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை, ராவணனுக்கு வீடணன் சொல்லும் எச்சரிக்கையாக உள்ளே வைக்கிறார். மூலத்தில் இல்லையே என்று அரங்கேற்றத்தில் ஆட்சேபம் எழுந்தது, எதிரே இருக்கும் மேட்டழகிய சிங்கரே ஆமோதித்தார் என்று கோயில் வழிக் கதை உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

யாருடைய கதை?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

திருச்சியில் பள்ளிப் படிப்பு படித்த கல்கி மறைந்தது 1954-ல். அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அது இல்லாவிட்டாலும் 2014-ம் ஆண்டோடு காலக்கெடு முடிந்திருக்கும். எனவே, வந்தியத்தேவனை யாரும் தொடரலாம். ஏற்கெனவே தொடர்ந்தும் இருக்கிறார்கள்: விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்'. ஆனால், 2022, 2023-ல் வந்த படங்களின் ஸ்டில், வசனம், பாட்டு எல்லாம் தனி உரிமைக்குரியவை. அட்டைப்படத்துக்குக்கூட எடுக்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா மறைந்தது 2008-ல். அவருடைய எழுத்துக்கான உரிமை 2068 முடியும்வரை இருக்கும். அதனால் கணேஷ், வசந்தை வைத்து அனுமதியில்லாமல் நாவல் போட்டு விற்றால் வழக்கு வரலாம்.

'காசு வாங்கலையே, சும்மாதானே போடறேன்?' என்று கேட்கலாம். காசு வாங்காததே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. ரிஸ்க் குறையும், அவ்வளவுதான். உரிமையாளர் நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவது நல்லது.

இன்னொரு எல்லை, உயிரோடு இருக்கும் மனிதர்கள். நடிகர், கிரிக்கெட் வீரர்களை வைத்து அந்தரங்கக் காட்சிகள் எழுதுவது, பதிப்புரிமையைத் தாண்டி அவதூறு, தனியுரிமை என்று போய்விடும். அதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே ஆரம்பிப்பது?

*இடைவெளியைப் பிடியுங்கள்.* சாபம் நீங்கிய அகலிகை அதன் பிறகு எப்படி வாழ்ந்தாள்? புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்த சிறுகதை. மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் உங்கள் கதை இருக்கிறது. பத்துப் பாகத் தொடர் வேண்டாம், முதலில் ஒரே ஒரு காட்சி போதும்.

*குரலைக் கேளுங்கள்.* வந்தியத்தேவன் வாய்த்துடுக்குக்காரன். அவன் நாலு பக்கம் தத்துவம் பேசினால் வாசகர் அங்கேயே மூடிவிடுவார். வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள். பேர் இல்லாமலேயே பேசுவது யார் என்று தெரிய வேண்டும்.

*நீங்களே உள்ளே போய் உட்காராதீர்கள்.* எல்லாம் தெரிந்த, எல்லோரும் காதலிக்கிற புதுக் கதாநாயகியை ஆங்கில ரசிகர் உலகம் 'மேரி சூ' என்று கிண்டல் செய்யும். புதுப் பாத்திரம் வரட்டும், ஆனால் அவளும் தப்பு செய்யட்டும்.

*அறிமுகம் வேண்டாம்.* குந்தவை யாரென்று வாசகருக்குத் தெரியும். நேராகச் சம்பவத்துக்கு வாருங்கள்.

*முன்கூட்டியே சொல்லுங்கள்.* எந்த நாவல், எந்தக் கட்டத்துக்குப் பிறகு நடக்கிற கதை, வன்முறை இருக்கிறதா என்பதையெல்லாம் மேலேயே குறிப்பிடுங்கள். மூல ஆசிரியரின் பெயரை விடவே கூடாது.

பேரை மாற்றினால் போதுமா?

'ட்வைலைட்' ரசிகர் புனைவாகத் தொடங்கி, பெயர்கள் மாறி, உலகம் முழுக்க விற்றது 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'. அதைப் பார்த்து, பேரை மட்டும் மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது. இரண்டையும் பார்ப்பவருக்கு இது அதன் நகல்தான் என்று தோன்றினால், புதுப் பேர் காப்பாற்றாது.

எழுத்துப் பயிற்சிக்கும் இதே சோதனைதான். எழுதி முடித்ததும் எல்லாப் பேரையும் மாற்றிவிட்டு, மூலக்கதை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்றால், கதையைத் தாங்கி நிற்பது இன்னமும் கல்கிதான். 'அப்புறம் என்னாச்சு?' என்று அவர் கேட்டால், அடுத்த கதைக்கு உங்களுக்கு வந்தியத்தேவன் தேவைப்படாது.