சர்ப்பகந்தி வேரும் இரத்த அழுத்தமும்

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் புளியும் கள்ளக்குறிச்சிக்கு வருகின்றன. அவற்றை வாங்கப்போன இடத்தில், "இரத்த அழுத்தத்திற்கு இந்த வேர்ப்பொடியே போதும், மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் உங்கள் தாத்தாவிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு செடியின் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?

குறைக்கும். சர்ப்பகந்தி என்னும் செடியே அதற்குச் சான்று. நம் நாட்டு வைத்தியர்கள் தூக்கமின்மைக்கும் மனக்கோளாறுக்கும் இதன் வேரை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். 1931இல் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் இது இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து கண்ட முடிவுகளைப் பிரிட்டனின் இதய மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின் எவ்வாறு வேலை செய்கிறது? நரம்பு முனைகளிலுள்ள நுண்ணிய பைகளில் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. அது வெளிப்படும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது. ரெசர்பின் அப்பைகள் நிரம்பாதபடி தடுக்கிறது. இருப்புக் குறையவே, குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூளையின் நரம்புகளிலும் இத்தகைய பைகள் உண்டல்லவா? ஆகவே அளவு மிகுந்தால் மனச்சோர்வும் அயர்வும் உண்டாகலாம். நாடித் துடிப்பும் குறையலாம்.

இங்கேதான் பொடிக்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ரெசர்பின் மாத்திரையின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஒரு கிராமை 4,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! வேரிலோ இதன் அளவு செடிக்குச் செடி மாறும். அதைக் கரண்டியால் எப்படி அளப்பது? பொடியோடு மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை நிறுத்தினாலோ, வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் அழுத்தம் ஏறி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

இன்று வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டதால், மருத்துவர்கள் ரெசர்பினை அரிதாகவே தருகிறார்கள். எனவே தாத்தா பொடி வாங்கி வந்தால் அவரிடம் சண்டையிட வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் விட வேண்டாம். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். சர்ப்பகந்தியின் பெருமையை உலகம் அறிந்ததும் இப்படி அளந்து பார்த்த பிறகுதான்.